தாருக்கு ஒரு நாள், பனைக்கு நாலு நாள்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் காக்கையின் பக்கம் நின்றே சொல்லிப் பழகிவிட்டோம். தற்செயலுக்கு உதாரணம் கேட்டால் அதுதான் வாயில் வரும். பழத்தின் பக்கம் நின்று பார்த்தால் அதில் தற்செயல் ஒன்றும் இல்லை. காம்பு தளர்ந்துவிட்டது, நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான். காக்கை வராமல் போயிருந்தாலும் பொழுது சாய்வதற்குள் அது விழுந்திருக்கும். வாழைத்தாரை வைத்து இப்படி ஒரு பழமொழி உண்டாக வழியே இல்லை. எத்தனை காக்கை உட்கார்ந்தாலும் தார் விழாது. அரிவாளோடு ஆள் வரவேண்டும். அந்த ஆள் என்றைக்கு வருகிறார், அவரை அனுப்பியது யார் என்பதைப் பொறுத்துத்தான் நாம் தின்னும் பழத்தின் ருசி.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்களுக்கு இந்த இரண்டு பயிரும் ஒரே பயணத்தில் கண்ணில் படும். செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆறு கூடவே வரும் வரைக்கும் வாழைத் தோட்டம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதன் வடகால், தென்கால் தண்ணீர் எட்டும் மட்டும் பச்சை. எட்டாத மேட்டில் மண் சிவந்து, மணல்மேடான தேரி தொடங்கி, பனை நிற்கும். குரும்பூர் தாண்டி உடன்குடிப் பக்கம் திரும்பிவிட்டால் பனைதான் எல்லாம்.

பருவத்தில் பறித்தால் ருசி, சத்து, விலை மூன்றும் சேரும் என்று எல்லோரும் சொல்கிறோம். பருவம் என்றால் எது என்று கேட்டுப் பாருங்கள். வாழை ஒரு பதில் சொல்லும், பனை வேறு பதில் சொல்லும்.

வாழைக்கு அறுவடை நாள் ஒன்றே ஒன்று. நட்டு ஏறக்குறைய ஒரு வருஷம், ரகத்துக்குத் தக்கபடி முன்னே பின்னே. தார் தள்ளிய பிறகு மூன்று, மூன்றரை மாதம். ஒரு மரத்துக்கு ஒரு தார். வெட்டியதும் அந்த மரத்தின் கதை முடிந்தது, இனிப் பக்கக் கன்றுதான். நாள் தவறினால் அதே மரத்தில் திருத்திக்கொள்ள இன்னொரு தடவை கிடையாது.

அந்த நாளைக் காலண்டர் சொல்லாது. காயின் விளிம்புதான் சொல்லும். இளங்காய்க்கு நாலைந்து விளிம்பு கத்திபோலத் துருத்திக்கொண்டிருக்கும். முற்ற முற்ற அது மழுங்கிக் காய் உருண்டு வரும். காய் நுனியில் ஒட்டியிருக்கும் கருகிய பூ, விரல் பட்டதும் பொடியாக உதிரும். கரும்பச்சை வெளிறும். இவ்வளவையும் வேளாண்மைப் புத்தகங்கள் வரிசைப்படுத்திச் சொல்கின்றன. எங்கள் தாத்தா இத்தனையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நடுச் சீப்பில் ஒரு காயைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து லேசாகத் தடவுவார். விளிம்பு உறுத்தினால், “இன்னும் எட்டு நாள் கெடக்கட்டும்.” வழுக்கினால், “நாளைக்கு அரிவாளை எடுத்துட்டு வா.”

அந்த எட்டு நாளில்தான் தகராறு எல்லாம். வரப்பில் நின்று நான் சின்ன வயதில் கேட்ட பேச்சு இன்றைக்கும் அப்படியே நடக்கிறது.

“அண்ணாச்சி, இன்னிக்கே வெட்டிருவோம். நாளைக்கு ராத்திரி லாரி போகுது.”

“காய் இன்னும் பருக்கணும்யா.”

“பருத்தா வண்டியிலேயே பழுத்துரும்லா. அடுத்த வாரம் வெலயும் எறங்கிரும்.”

வியாபாரி சொன்னதில் பொய் இல்லை. தூரச் சந்தைக்கு முக்கால் முற்றலில் வெட்டுவது உலக வழக்கம். ஈக்வடாரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் பழம்கூட 13, 14 டிகிரிக் குளிரில் காயாகவே பயணம் செய்து, இறங்கிய ஊரில்தான் பழுக்கிறது. அதற்கு நியாயம் இருக்கிறது. ஏரலில் வெட்டிப் பாளையங்கோட்டையில் விற்கிற தாரையும் அதே முக்கால் முற்றலில் வெட்டுவதற்கு என்ன நியாயம்?

இழப்பு எங்கே என்று பார்ப்போம். முற்றிய காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கும்போது அது சர்க்கரையாக மாறுகிறது. நன்றாகப் பழுத்த பழத்தில் ஒன்றிரண்டு சதவீத மாவுதான் மிஞ்சும். தண்டிலிருந்து அறுபட்ட பிறகு காய்க்கு வரவு கிடையாது, கைவசம் சேர்த்ததை மாற்றிக்கொள்ள மட்டும்தான் முடியும். எட்டு நாள் முந்தி வெட்டினால் எட்டு நாள் வரவு போயிற்று. தோலில் மஞ்சள் வரும், நாக்கில் இனிப்பு அந்த அளவுக்கு வராது. வெம்பல் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இதைச் சொன்னால் உடனே சிலர், “அதுக்குத்தான் மரத்துல பழுத்தது வேணும்ங்கிறது” என்பார்கள். வாழைக்கு இது பொருந்தாது. ஒரு தடவை கொல்லையில் ஒரு ரசகதலித் தாரை வெட்டாமல் விட்டுப் பார்த்தோம். மேல் சீப்பில் மஞ்சள் தட்டிய அன்றே அணிலுக்குத் தெரிந்துவிட்டது, ராத்திரி வௌவாலுக்கும். மிஞ்சிய பழங்கள் தோல் வெடித்து, ஈ மொய்த்து, சதை மாவு மாவாக இருந்தன. அடிச் சீப்பு அப்போதும் பச்சை. எங்கள் கொல்லையின் குற்றம் இல்லை இது. மரத்திலேயே பழுக்கவிட்டால் தோல் வெடிப்பதும் சதை மாவாவதும் வாழை விளையும் நாடுகளிலெல்லாம் கண்டதுதான். முற்ற விட்டு வெட்டி, வெட்டிய பின் பழுக்க வைப்பதே வாழைக்குச் சரியான வழி.

வீட்டுத் தாரை அடுக்களை உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். கடைக்காரர்கள் மூட்டம் போடுவார்கள். காற்றுப் போகாத சிறிய அறை, தரையில் வாழைச் சருகு, அதன்மேல் தார் அடுக்கு, மூலையில் ஒரு சட்டியில் புகை. கதவைச் சாத்தி இடுக்கை அடைத்துவிட்டு வந்துவிடுவார்கள். திறக்கும்போது வாசம் தெருவுக்கு வரும்.

அந்தப் புகைக்குள் என்ன இருக்கிறது என்பது கலிபோர்னியாவில் வேறொரு பழத்தின் மூலமாகத் தெரிய வந்தது. அங்கே எலுமிச்சையை மஞ்சளாக்க, மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறையில் அடுக்கி வைப்பார்கள். சூடுதான் நிறத்தைக் கொண்டுவருகிறது என்று எண்ணிப் புகையில்லாத முறையில் அறையைச் சூடாக்கியபோது காய் பச்சையாகவே கிடந்தது. காரணம் புகையிலிருந்த எத்திலீன் என்று 1924-இல் டென்னி என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார். பத்து வருஷம் கழித்து, 1934-இல், பழங்களே அந்த வாயுவை உண்டாக்கி வெளியிடுகின்றன என்பதை இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். நம் மூட்டக்காரர்களுக்கு வாயுவின் பெயர் தெரியாது, அது செய்யும் வேலை தெரியும்.

பிறகு கார்பைடு கல் வந்தது. ஈரம் பட்டதும் அது அசிட்டிலீனை விடும், எத்திலீனின் வேலையை அது அரைகுறையாகச் செய்யும். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு உண்டு என்பதால் பழத்தைப் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடுக்கின்றன. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு. கல்லின் கெடுதியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்தக் கல்லுக்குச் சந்தையில் இடம் பிடித்துக் கொடுத்தது முந்தி வெட்டிய காய்தான் என்பதை யாரும் பேசுவதில்லை. முற்றிய தாருக்கு மூடிய ஒரு அறையும் அதற்குள் பழுத்த ஒரு சீப்பும் போதும். முற்றாத காயைத்தான் மிரட்ட வேண்டியிருக்கிறது. தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா என்று கேட்டார்கள் முன்னோர். நிறம் மட்டும் கனியும்.

அந்த நிறத்தை நம்புவதிலும் ஒரு பிசகு இருக்கிறது. பச்சைப்பழம், மோரிஸ் வகையெல்லாம் நம் ஊர்ச் சூட்டில் பழுத்தால் தோலில் பச்சை முழுக்கப் போகாது. உள்ளே பழம் தயாராக இருக்கும். அதே காயைக் குளிரூட்டிய அறையில் பழுக்க வைத்தால் பளிச்சென்று மஞ்சள். கடையில் மஞ்சளைப் பார்த்து வாங்குகிறவர் ருசியைப் பார்க்கவில்லை, அறையின் வெப்பநிலையைப் பார்க்கிறார்.

களக்காட்டு ஏத்தன் வாழைக்கு உச்சப் பருவம் எது என்று கேட்டால் பழம் என்று சொல்ல முடியாது. ஓணத்துக்காகக் கேரளத்துக்குப் போகிற ஏத்தனில் பெரும்பங்கு சிப்ஸுக்கு. அதற்கு வேண்டியது முற்றிய காய், மாவு நிரம்பி, சர்க்கரை இன்னும் வராத காய். சர்க்கரை வந்துவிட்டால் எண்ணெயில் போட்டதும் கருகும். அடுப்புக்குப் போகிற காய்க்கு உச்சம் வெட்டிய அன்று. இலையில் பழமாக வைக்கிறவருக்கு அதே தாரின் உச்சம் ஒரு வாரம் தள்ளி.

விவசாயி மட்டும் ஏன் பொறுமையாக இருக்க வேண்டும் என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. சித்திரை, வைகாசியில் மலையடிவாரத்தில் சூறைக்காற்று அடித்தால் ஒரே சாயங்காலத்தில் தோட்டம் படுத்துவிடும். சாய்ந்த மரத்தின் இளங்காயைச் சந்தையில் ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. ஆற்றின் கடைமடையில் மழை பயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழைத் தோட்டங்கள் வெள்ளத்துக்குள் போயின. அதைப் பார்த்தவரிடம் போய், “இன்னும் எட்டு நாள் பொறுங்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. முந்தி வெட்டுவதில் பேராசை எவ்வளவு உண்டோ அவ்வளவு பயமும் உண்டு.

பனையிடம் வருவோம். பனைக்கு நாள் ஒன்று அல்ல, நாலு. பதனீருக்கு ஒன்று, நுங்குக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, கிழங்குக்கு ஒன்று. நாலும் ஒன்றுக்கொன்று பங்காளிகள். பாளை வரும்போதே முதல் முடிவு எடுத்தாக வேண்டும். பாளையை இடுக்கி, சீவி, கலயம் கட்டினால் பதனீர். ஆண் மரமான அலகுப்பனைக்கு அதுதான் கதி, அது காய்க்காது. பெண் மரமான பருவப்பனையில் சீவிய பாளையில் நுங்கு இல்லை. நுங்குக்கு விட்டால் பதனீர் இல்லை. நுங்கை வெட்டினால் பழம் இல்லை, பழம் இல்லாவிட்டால் கொட்டை இல்லை, கொட்டை இல்லாவிட்டால் பொங்கலுக்குக் கிழங்கு இல்லை. வாழைக்காரருக்கு உள்ள கேள்வி ‘எப்போது’ என்பது. பனைக்காரருக்கு ‘எதை’ என்ற கேள்வி முதலில் வருகிறது.

பதனீருக்குப் பருவம் மணிக்கணக்கில். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். விடியலில் இறக்கியதைத் தாமதிக்காமல் காய்ச்ச வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது, இருட்டில் ஏறி இறங்குகிற பனையேறியின் நேரக் கணக்கு.

நுங்கின் பருவத்தைக் கருங்குளம் தாண்டி ரோட்டோரம் ஒரு பெரியவரிடம்தான் கற்றேன். வேப்பமரத்தடியில் குலைகளைக் குவித்து வைத்திருந்தார். ஒரு காயை எடுத்து அரிவாளால் தலையைச் சீவினார். மூன்று கண். நடுக்கண்ணில் பெருவிரலை அழுத்தினார். தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. “இது ரொம்ப எளசு, தண்ணிதான் இருக்கும்” என்று ஓரமாக வைத்தார். அடுத்த காயில் விரல் உள்ளே போனது, போகும்போது லேசாக எதிர்த்தது. “இது உங்களுக்கு.” மூன்றாவதில் விரல் இறங்கவே இல்லை. “கடுக்கா ஆயிட்டு. மாட்டுக்குப் போட்டுருவேன்.”

“எல்லாம் ஒரே மரமா தாத்தா?”

“ஒரே மரந்தான். குலைதான் வேற. ஏறுனவன் மூணையும் சேத்து வெட்டிட்டான். மறுபடி ஏற அவனுக்கு நேரம் ஏது?”

மறுபடி ஏற நேரம் இல்லை என்பதுதான் பனையின் இன்றைய நிலைமை முழுவதும். குலைக்குக் குலை நாள் பார்த்து மூன்று தடவை ஏற வேண்டிய மரத்தில் ஒரு தடவை ஏறினால், மூன்றில் ஒரு குலைதான் பருவத்தில் இறங்கும். ஏறவே ஆள் கிடைக்காமல் போனால் அதுவும் இல்லை. நுங்கின் குழைவு சில நாள் சமாச்சாரம். கேலக்டோமன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலியால் ஆன கூழ் அது. காய் முற்ற முற்ற இறுகி, கடைசியில் யானைத் தந்தம் போலக் கெட்டியாகிவிடும். இதை மூட்டம் போட்டுப் பின்னுக்குத் தள்ளவோ முன்னுக்கு இழுக்கவோ முடியாது. வெட்டிய நுங்கைக் காட்டி ஏமாற்றவும் முடியாது. பெருவிரல் ஒன்றே சோதனைச்சாலை. வாழையைக் கெடுத்த சந்தையால் நுங்கைக் கெடுக்க முடியவில்லை. அந்தக் காரணத்தாலேயே பெரிய சந்தை அதைத் தொடவும் இல்லை.

கடுக்காய் ஆனதை நாம் கெட்டுப்போனது என்கிறோம். மரத்தைக் கேட்டால் அது சேமிப்பு. பழம் விழுந்து, கொட்டை மண்ணில் முளைவிடும்போது உள்ளே பஞ்சு போல ஒரு வெள்ளை உருண்டை வளர்ந்து, கல்லாய்க் கிடந்ததைக் கரைத்து உறிஞ்சுகிறது. எங்கள் பக்கம் அதற்குத் தவுண் என்று பெயர். கொட்டையை வெட்டித் தவுண் தின்னாத பிள்ளை தேரிப் பக்கம் இருக்க முடியாது. உறிஞ்சியது கீழே இறங்கிக் கிழங்காகிறது. சித்திரையில் தப்பிப்போன நுங்குதான் தையில் கிழங்காகத் திரும்பி வருகிறது. அதற்கும் நாள் உண்டு. பிந்தித் தோண்டினால் குருத்து விட்டு, கிழங்கு நார் நாராகிவிடும்.

வாழையில் இதற்கு ஒப்பாக எதுவும் இல்லை. நாம் தின்னும் வாழைக்கு விதை கிடையாது. கிறுக்கிய கறுப்புப் புள்ளிகளாக அதன் நினைவு மட்டும் சதைக்குள் இருக்கிறது. பழம் என்பது விதையைச் சுமந்து போகச் சொல்லி அணிலுக்கும் வௌவாலுக்கும் செடி கொடுக்கும் கூலி. வாழையிடம் சுமக்கச் சொல்ல ஒன்றும் இல்லை, கூலி கொடுக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஆக வாழையின் கனிவு முழுக்க நமக்குத்தான். அதை எங்கே நிறுத்துவது, எங்கே முடுக்குவது என்று நாம் தீர்மானித்தால் வாழைக்கு நஷ்டமில்லை, கன்று வந்துவிடும். பனையின் கனிவு அதன் கொட்டைக்காக. எல்லா நுங்கையும் இளசிலேயே வெட்டித் தின்கிற ஊரில் இருபது வருஷம் கழித்து ஏற மரம் இருக்காது. ‘பருவத்தில் பறி’ என்ற அறிவுரையைப் பனைக்கு அப்படியே சொல்லக் கூடாது. கொஞ்சத்தைப் பறிக்காமல் விடு என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனிப் பனம்பழம். மரத்தில் விளைகிறவற்றில் இந்த ஒன்றுக்குத்தான் ஏற ஆள் வேண்டாம். ஆடி, ஆவணியில் ராத்திரி தொப்பென்று சத்தம் கேட்கும். காலையில் போனால் மரத்தடியில் கிடக்கும். சுட்டுத் தின்றவர்களுக்கு அந்த வாசம் மறக்காது. கறுத்த தோலை உரித்தால் குங்கும நிறத்தில் நார், பல்லிடுக்கெல்லாம் சிக்கும், இனிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு. அந்தக் கசப்பைச் சாக்காக வைத்து நாம் அதைக் கைவிட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்தில் கைவிடவில்லை. பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயில் பூசி வெயிலில் காயவைத்துப் பனாட்டு ஆக்குகிறார்கள். கிழங்கைக் கிழித்து உலர்த்தி ஒடியல் ஆக்கி, அந்த மாவில் கூழ் காய்ச்சுகிறார்கள். வங்காளத்தில் பாத்ர மாதம் வந்தால் பனம்பழச் சாற்றில் மாவு பிசைந்து வடை சுடாத வீடு குறைவு. நம் பக்கம் அதே பழம் மரத்தடியில் மாடு மிதித்து அழுகுகிறது. உலகமே முழுக்கக் கனிந்த பழம் வேண்டும் என்று தேடும் காலத்தில், தானாகக் கனிந்து தானாக இறங்கி வருகிற ஒரு பெரிய பழத்தை நாம் குனிந்து எடுப்பதில்லை.

பறித்த பின் பழுப்பவை, பழுக்காதவை என்று பழங்களில் இரண்டு கட்சி. எந்தப் பழம் எந்தக் கட்சி என்று வாங்குகிறவர் தெரிந்துகொள்வது நல்லது. மா, பலா, சப்போட்டா, பப்பாளி எல்லாம் வாழையின் கட்சி. முற்றியிருந்தால் வீட்டில் பழுக்கும். திராட்சை, மாதுளை, அன்னாசி, புளியங்குடி எலுமிச்சை ஆகியவை பறித்த பின் மேலே போகாதவை. பறித்த அன்று ருசி என்னவோ அதுதான்.

வாழையையும் பனையையும் எதிரெதிரே வைத்தால் என் கணக்கு இப்படி வருகிறது. வாழை, முந்தி வெட்டுவதால் கெடுகிறது. பனை, பிந்தி ஏறுவதால் கெடுகிறது. அங்கே சந்தை அவசரப்படுகிறது, இங்கே சந்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. இரண்டு இடத்திலும் பருவம் தெரியாதவர் யாரும் இல்லை. தாத்தாவின் விரலுக்கும் தெரியும், ரோட்டோரப் பெரியவரின் பெருவிரலுக்கும் தெரியும். தெரிந்தவர் கையில் தேதி இல்லை.

வாழைக்குத் தேதியைத் திருப்பித் தர ஒரு வழி இருக்கிறது. தார்க் கணக்கில் விலை பேசும் வரை எட்டு நாள் காத்திருக்க விவசாயிக்குக் காரணம் இல்லை. பருத்த தாரும் பருக்காத தாரும் வியாபாரியின் கண் மதிப்பில் கிட்டத்தட்ட ஒன்றுதான். காத்திருந்தால், நுங்கு தின்னவன் ஒருத்தன், விரல் சூப்பினவன் ஒருத்தன் என்று முடியும். எடைக் கணக்கில் விற்றால் கடைசி எட்டு நாளில் ஏறுகிற கனம் விவசாயியின் பையில் விழும். அவரே அரிவாளைத் தள்ளி வைப்பார். உள்ளூர் சந்தைக்கு முழு முற்றல், வெளியூருக்கு முக்கால் முற்றல் என்று பிரித்து விலை வைப்பதும் பெரிய வித்தை இல்லை. திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சம் இல்லை, தராசுக்குத்தான் பஞ்சம்.

பனைக்கு வழி அவ்வளவு நேராக இல்லை. 1978 முதல் அது மாநில மரம். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-இல் அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் வெட்டாமல் விட்டதால் மட்டும் பனை பலன் தராது, நாள் பார்த்து ஏற ஆள் வேண்டும். ஏறுகிற பிள்ளைக்குக் கூலி, கருவி, காப்பீடு, கல்யாணச் சந்தையில் மரியாதை இவை நாலும் இல்லாமல் அந்த ஆள் வரமாட்டார். அவர் வரும் வரைக்கும் நம் கையில் மிச்சம் இருப்பது ஏறத் தேவையில்லாத பழம் ஒன்றுதான்.

இந்த ஆவணியில் திருச்செந்தூர் போகிறவர்கள் வண்டியை ஒரு பனங்காட்டு ஓரம் நிறுத்துங்கள். விழுந்து கிடப்பதில் வெடிக்காத பழம் இரண்டு எடுத்து, வீட்டில் அடுப்பில் வாட்டித் தின்று பாருங்கள். கொட்டையைக் குப்பையில் போட வேண்டாம். மணல் கலந்த மண்ணை மேடாகக் கொட்டி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே கொஞ்சம் மண் மூடித் தண்ணீர் தெளித்தால் போதும். ஆவணியில் புதைத்ததைத் தையில் தோண்டலாம்.